முன்பின் தெரியாத எவனோ

அந்த அலுவலகத்தில் அவனுக்கு ‘முன்பின்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. வாசல் காவலாளிகூட, “முன்பின் சார் மேல போயாச்சா?” என்றுதான் கேட்பார். அவன் பார்த்த வேலையால் வந்த பெயர் அது. ஒரு பயிற்சிக்கோ சிகிச்சைக்கோ முன்னால் ஆட்கள் எப்படி இருந்தார்கள், பின்னால் எப்படி ஆனார்கள் என்று அளந்து எழுதிய மருத்துவ ஆய்வுகள் அவன் மேஜையில் வந்து குவியும். ஒவ்வொன்றையும் படித்து, அதன் முடிவை நம்பலாமா கூடாதா என்று அவன் தரம் போட வேண்டும். தரம் போட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பறிக்கை ஆக்கி, சுகாதார அலுவலகங்களுக்கு அனுப்புவார்கள். எந்தத் திட்டத்தைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று அங்கே இருப்பவர்கள் அதை வைத்து முடிவெடுப்பார்கள்.

முன்பின் ஆய்வுகளில் ஒரு வில்லங்கம் உண்டு. ஐம்பது பேருக்கு ரத்த அழுத்தம் அளந்து, கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, மறுபடி அளப்பார்கள். இறங்கியிருந்தால் பயிற்சிதான் இறக்கியது என்று எழுதிவிடுவார்கள். பயிற்சி எதுவும் இல்லாமல் சும்மா இருந்த இன்னொரு ஐம்பது பேரை அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் தானாக விடுகிற அன்றைக்கு மாத்திரை கொடுத்தவர் கைராசிக்காரர் ஆகிவிடுவதில்லையா, அந்தக் கதைதான். அதனால் இந்த ஆய்வுகளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ஆட்களை எப்படிச் சேர்த்தார்கள்? இரண்டு தடவையும் ஒரே மாதிரி அளந்தார்களா? அளந்தவருக்கு எது முன், எது பின் என்று தெரியுமா? முதலில் வந்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் காணாமல் போனார்கள்?

குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. மகனுக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், “டாக்டருங்க எழுதுறதுக்கெல்லாம் மார்க் போடுறான்” என்பார்.

“அப்போ வாத்தியார் வேலையா?”

“வாத்தியாருக்கு வாத்தியார்!”

அக்காவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான், வெளியே காட்ட மாட்டாள். “மார்க் போடுறானாம் மார்க். ஆறாங்கிளாஸ்ல கணக்குல வாங்கின மூணை எட்டாத் திருத்தி அப்பாகிட்ட கையெழுத்து வாங்கின பய” என்று சிரிப்பாள். அவள் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறகு தானாகவே ஒரு பயிற்சியில் சேர்ந்து, ஊருக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் களப்பணியாளர் ஆனாள். தோளில் பையும் பைக்குள் பிரஷர் பார்க்கும் கருவியுமாக வீடு வீடாகப் போவாள். ஊரில் அவளுக்குப் ‘பிரஷர் அக்கா’ என்று பெயர். தன்னைவிட வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்பதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அலுவலகம் மூன்றாவது மாடியில். அவன் அறையில் இரண்டு மேஜைகள் முதுகோடு முதுகாகப் போட்டிருந்தன. ஓர் ஆய்வுக்கு இரண்டு பேர் தனித்தனியாகத் தரம் போட வேண்டும், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு இருவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒத்துப்போகாத இடங்களில் வாதாடி ஒரு முடிவுக்கு வர வேண்டும். பின்மேஜைக்காரருக்குச் ‘சுமார் அண்ணன்’ என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சுமார் என்றே தரம் போடுவார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

அவர்களுக்கு மேலே டாக்டரம்மா. இன்னார் எழுதியது, இந்த ஊரில் நடந்தது என்று தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதற்காக, ஒவ்வோர் ஆய்விலும் எழுதியவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துத்தான் கொடுப்பார். எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும்போது பெயர்களைத் தன் கையாலேயே சேர்ப்பார்.

தரத்துக்கு மூன்று சொற்கள் இருந்தன: நன்று, சுமார், மோசம். மூன்றும் அவன் கொடுத்தவை. முன்பெல்லாம் ‘முறையியல் தரம் தாழ்ந்தது’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். “இது யாருக்கு மேடம் புரியும்? மோசம்னு போடுங்க, எங்க அப்பாவுக்கே புரியும்” என்று அவன்தான் ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னான். டாக்டரம்மா எல்லாரையும் பார்த்து, “கிராமத்துல இருந்து ஒருத்தர் வேணும்னு இதுக்குத்தான் சொன்னேன்” என்றார். அன்றைக்கு முழுக்க அவன் கால் தரையில் பாவவில்லை.

அப்படி இருக்கையில்தான் அந்த ஆய்வு வந்தது. ‘சமூக அளவிலான உடற்பயிற்சித் தலையீடு’ என்று தலைப்பு; ஆட்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்ததற்குத்தான் அப்படிப் பெயர். பயிற்சிக்குப் பிறகு ரத்த அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. முன்பின் மேலோட்டமாகப் படித்தபோதே மூக்கில் வியர்த்தது. முகாமுக்கு வந்தவர்களில் அழுத்தம் ரொம்ப ஏறியிருந்தவர்களாகப் பொறுக்கிச் சேர்த்திருந்தார்கள். உச்சத்தில் இருப்பது எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் இரண்டாம் அளவுக்கு வரவே இல்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. முன்னும் பின்னும் அளந்தவர் ஒரே ஆள்: ‘பயிற்சி பெற்ற ஒரு களப்பணியாளர்’. பயிற்சியை நடத்தியவரும் அதே ஆள்.

அவன் ‘மோசம்’ என்று போட்டான். நாற்காலியைத் திருப்பினால் அண்ணன் ‘சுமார்’ என்று போட்டு வைத்திருந்தார்.

“தம்பி, பாவம், பெரிய ஆஸ்பத்திரி ஆய்வு மாதிரி தெரியலை. ஏதோ சின்ன இடத்துல கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்காங்க. சுமார் போட்டுட்டுப் போவோம்.”

“பாவ புண்ணியம் பார்க்கிற இடமாண்ணே இது? பயிற்சி கொடுத்த ஆளே அளந்தா, இறங்கணும்னு தானே மனசு அடிச்சுக்கும்? கேள்வித்தாளை எழுதினவனே விடையும் எழுதி, அவனே திருத்தின மாதிரி இல்ல இருக்கு!”

“சரி, வராதவங்க கொஞ்சம் பேர்தானே?”

“மூணுல ஒரு பங்கு கொஞ்சமா? உங்க சம்பளத்துல மூணுல ஒரு பங்கைப் பிடிச்சா சும்மா இருப்பீங்களா?”

அண்ணன் சிரித்துவிட்டார். “பேச்சுல உன்னை ஜெயிக்க முடியாதுப்பா. போடு, மோசம்.”

முன்பின் அழகாக எழுதினான்: ‘தரம்: மோசம். அளந்தவர் முடிவில் ஆர்வம் உள்ளவர். பலர் பின் அளவில் இல்லை.’ சுருக்கமாக, யாருக்கும் புரிகிற மாதிரி. எழுதிவிட்டு அடுத்த கட்டை அவிழ்த்தான்.

தொகுப்பறிக்கை அச்சாகி எல்லா ஊருக்கும் போன பிறகு, லீவு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. எப்போதும் மறித்து நின்று ஊர்க்கதை கேட்கும் கடைக்காரர், தராசைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார்.

வீட்டு வாசலில் அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை நாளில், நடுப்பகலில் அக்கா வீட்டில் இருந்து அவன் பார்த்ததே இல்லை.

“என்னக்கா, லீவா?”

“லீவுதான். அவங்களே கொடுத்த லீவு.” அவள் திரும்பவில்லை. “விசாரணை முடியுற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. கருவியையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க.”

“என்ன விசாரணை?”

உள்ளே இருந்து அப்பா வந்தார். சூளைக்குப் போகாமல் அவரும் வீட்டில்தான் இருந்தார். “உங்க அக்கா நடக்கிற கூட்டம் ஒண்ணு நடத்தினாளே, தெரியும்ல? தினம் காலையில ஊரையே கூட்டிக்கிட்டு ஏரிக்கரையில நடந்தாளே. அதை யாரோ டாக்டர் ஆராய்ச்சின்னு எழுதியிருக்கார். அதுல இவ மோசம் பண்ணிட்டான்னு பெரிய இடத்துல இருந்து அச்சடிச்சே வந்திருக்காம். அளவையெல்லாம் பொய்யா எழுதிட்டாளாம். பலபேர் கணக்கையே காணோமாம்.”

நடக்கிற கூட்டம். சமூக அளவிலான உடற்பயிற்சித் தலையீடு. வெயிலில் காய்ந்த துணிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன, ஒட்டி மறைத்த தாள்கள் மாதிரி. பயிற்சி பெற்ற ஒரு களப்பணியாளர் கையில் ஈரத் துணியோடு அவன் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

“எவனோ முன்பின் தெரியாதவன் எழுதிட்டுப் போயிட்டான்” என்றாள் அக்கா. “என்னைப் பார்த்திருப்பானா, நான் எப்படி அளக்கிறேன்னு பார்த்திருப்பானா? மோசம்னு ஒரே வார்த்தை. இந்தத் தெருவுல இத்தனை நாளா என்கிட்ட கையை நீட்டினவங்க இப்போ கதவைச் சாத்துறாங்கடா.”

அப்பா அவன் தோளில் கை வைத்தார். “நீயும் அந்த மார்க் போடுற வேலையிலதானே இருக்கே. யாரு போட்டதுன்னு விசாரிச்சுச் சொல்லு. நான் வந்து அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்கிறேன்.”

அவர் கை அப்போதே அவன் சட்டையின் மேல்தான் இருந்தது.

அப்பா கடைப்பக்கம் போன பிறகு, அவன் அக்காவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். அவனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. தான் போட்ட தரமே தப்பு என்று ஆகிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தான்.

“அக்கா, நீ எப்படி அளந்தே? முதல்ல இருந்து சொல்லு.”

“எப்படின்னா? முகாம் அன்னைக்கு நல்ல வெயில். எல்லாரும் நடந்து வந்தாங்க, கூட்டமான கூட்டம். வர வர அளந்து அனுப்பினேன்.”

“உட்கார வைக்கலையா?”

“எங்கடா உட்கார வைக்க? நாற்காலியா இருந்தது?”

“சரி. கடைசியில?”

“கடைசியில சாவகாசமாத்தான் அளந்தேன். காலையில, நிழல்ல. ஒருத்தருக்கு இறங்கலைன்னா எனக்கு மனசு கேக்காதுடா. இவ்வளவு நடந்திருக்காங்களே, இறங்காம இருக்குமான்னு தோணும். கொஞ்சம் உட்காருங்க, படபடப்பு அடங்கட்டும்னு சொல்லிட்டு இன்னொரு தடவை அளப்பேன். இறங்கினதை எழுதுவேன்.”

“முதல் தடவையே இறங்கியிருந்தா?”

“அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை? அதையே எழுதிடுவேன்.” அவள் அவனைப் பார்த்தாள். “அதுல என்ன தப்பு? வந்த அளவைத்தானே எழுதினேன். ஒரு அளவுகூட நானா எழுதலை.”

இரண்டாவது அதிர்ச்சி அங்கே வந்தது, முதலாவதைவிடப் பலமாக. தரம் சரியாகத்தான் இருந்தது. வெயிலில் நடந்து வந்த உடம்பும் நிழலில் உட்கார்ந்த உடம்பும் ஒன்றல்ல. ஏறியவர்களுக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்பு. அந்த இறக்கத்தில் எவ்வளவு நடையால் வந்தது, எவ்வளவு நிழலால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா யாரையும் ஏமாற்றவில்லை. ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அந்த ஆசையைப் பிடிப்பதற்காகத்தானே அவனுடைய கேள்விகள் இருந்தன.

“அக்கா, அந்த மார்க் நான் போட்டது.”

அவள் தொட்டித் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்த கையை எடுத்தாள்.

“என்னது?”

“பேரையும் ஊரையும் மறைச்சுத்தான் கொடுப்பாங்க. நீதான்னு எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையும் என்னுதுதான்.”

அவள் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் ஒரு திகைப்பு இருந்தது. சொந்த வீட்டு நாய் கடித்துவிட்டால் வருகிற திகைப்பு. “என்னை மோசக்காரின்னு எழுதினது நீயாடா?”

“மோசக்காரின்னு எழுதலைக்கா! ஆராய்ச்சி மோசம்னு எழுதினேன். தரம் மோசம்னு. சாப்பாடு மோசம்னா சமைச்சவ மோசம் பண்ணிட்டான்னா அர்த்தம்?”

“சாப்பாட்டைப் பத்தி ஆபீஸ்ல இருந்து அச்சடிச்சு வருமாடா? கவர்மெண்ட் தாள்ல மோசம்னு இருந்தா மோசடின்னுதான் படிப்பாங்க. படிச்சவன்தானே நீ, இதுகூடத் தெரியாதா?”

எங்க அப்பாவுக்கே புரியும் என்று மார்தட்டியது அவனுக்கே காதில் கேட்டது. அப்பாவுக்குப் புரியத்தான் செய்தது.

“மார்க்கை மாத்திடவா?” என்றான் மெல்ல. “இன்னொரு அண்ணன் இருக்கார். அவர் முதல்லயே சுமார்னுதான் போட்டார். மாத்துனா யாரும் கேக்க மாட்டாங்க.”

அக்கா அவன் பக்கம் திரும்பினாள். “ஆறாங்கிளாஸ்ல திருத்தினது பத்தலையா?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மார்க் எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். நான் ஏமாத்தலைன்னு மட்டும் அவங்க வாயால சொல்ல வை. அப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ.”

அப்பாவிடம் சொன்னான். அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் திண்ணையை விட்டு எழவும் இல்லை. அவன் கிளம்பும்போது, “சரி பண்ணிட்டு வா” என்றார்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “மோசடின்னா எடுத்துக்கிட்டாங்க?” அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வெளுத்தது. “இதே வார்த்தை இன்னும் எத்தனை ஊருக்குப் போயிருக்கு!” பிறகு, “உங்க அக்காவா?” என்று இரண்டு முறை கேட்டார், முதல் முறை பதில் சரியாகக் காதில் விழாதது போல.

விதி விதிதான். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட ஆய்வில் அவன் கை இருக்கக் கூடாது. டாக்டரம்மாவும் புள்ளிவிவரம் பார்க்கும் அம்மாவும் புதிதாக, தனித்தனியாகத் தரம் போட்டார்கள். முன்பின் வெளியே நடையில் உட்கார வைக்கப்பட்டான், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி. சுமார் அண்ணன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன வரும்ணே?”

“சுமார் வரும்னு சொல்ல ஆசைதான் தம்பி.”

இருவர் தரமும் ஒன்றாகவே இருந்தது: மூன்றில் கடைசியான அதே பழைய தரம். ஆனால் அன்றோடு அந்தச் சொல் அலுவலகத்தை விட்டுப் போனது. ‘இந்த முடிவை நம்பக்கூடிய அளவு: குறைவு’ என்று டாக்டரம்மா எழுதினார். கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘இது ஆய்வு அமைந்த விதத்தைப் பற்றியது. அதைச் செய்தவர்களின் நேர்மையைப் பற்றியது அல்ல.’ எல்லா ஊருக்கும் திருத்தம் போனது. அக்காவின் ஊருக்கு மட்டும் டாக்டரம்மாவே அவனைக் கூட்டிக்கொண்டு நேரில் போனார்.

சுகாதார அதிகாரியின் அறையில் மின்விசிறி தலைக்கு மேலே கிறீச்சிட்டது. அக்கா சீருடை அணிந்து, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றாள். அதிகாரி திருத்தத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

“அப்போ மோசம்னா மோசடி இல்லையா?” அவர் குரல் நிஜமாகவே அதிர்ந்திருந்தது. “ஏன் டாக்டர், இதை முதல்லயே எழுதக் கூடாதா? நாங்க அளவுத் தாளையெல்லாம் வரவழைச்சு, பொய்க் கையெழுத்து இருக்கான்னு ராப்பகலாப் பார்த்தோமே!”

“எங்க தப்புதான் சார்” என்றார் டாக்டரம்மா.

“அந்த வார்த்தை என்னுது சார்” என்றான் முன்பின்.

அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். “சரிம்மா. எல்லாரையும் ஒழுங்கா, ஒரே மாதிரிதானே அளந்தே? ஆமான்னு சொல்லு, எழுதி முடிச்சுடலாம்.”

ஒரு ஆமாம் போதும். முன்பின் மனசுக்குள் அந்த ஆமாமை அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இல்லை சார்” என்றாள் அக்கா. “ஏறி இருந்தா இன்னொரு தடவை அளந்தேன். இறங்கி இருந்தா விட்டுட்டேன். தப்புன்னு அப்போ தெரியாது. பொய் எழுதலை. ஆனா ஒரே மாதிரி அளக்கலை.”

மின்விசிறி கிறீச்சிட்டது. போச்சு, இதோடு போச்சு என்று முன்பினுக்குத் தோன்றியது. டாக்டரம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஒரு மாதிரி அசட்டுத்தனமாக முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“நானும் வீட்டுல பிரஷர் அப்படித்தாம்மா பார்க்கிறேன்” என்றார். “மூணு தடவை பார்ப்பேன். எது கம்மியோ அதை டாக்டர்கிட்ட சொல்லுவேன். என் வீட்டுக்காரி திட்டுவா.” சட்டென்று அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். டாக்டரம்மாவைப் பார்த்து, “அது தப்பா டாக்டர்?” என்றார்.

“ரொம்பத் தப்பு சார்.”

“அடக் கடவுளே!” என்றார். அலமாரியைத் திறந்து, அக்காவின் பையை எடுத்து மேஜை மேல் வைத்தார். “நாளையில இருந்து வேலைக்கு வாம்மா. கடைசியில வராம போனவங்க வீட்டுக்கெல்லாம் முதல்ல போய்ப் பாரு. பிரஷர் இறங்கிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்தினவங்க எத்தனை பேருன்னும் கேளு.”

அக்கா பையை இரண்டு கையாலும் வாங்கினாள்.

வெளி நடையில் ஒரு நீள பெஞ்சு. டாக்டரம்மா தண்ணீர் குடிக்கப் போனார். முன்பின் தொப்பென்று உட்கார்ந்தான். அக்கா அவனைப் பார்த்தாள், பையைத் திறந்தாள், அவன் சட்டைக்கையைச் சுருட்டிக் கருவியின் பட்டையைச் சுற்றினாள். காற்றை அடித்தாள். மெல்ல விட்டாள். முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளின் புருவம் ஏறியது.

“எவ்வளவுக்கா?”

அவள் சொன்னாள். அவனுடைய வயதுக்கு அது இருக்கக் கூடாத அளவு.

“என்னது!”

“பதறாதே. படி ஏறி வந்திருக்கே, பயந்திருக்கே. கொஞ்சம் உட்காரு, படபடப்பு அடங்கட்டும், இன்னொரு தடவை...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். கை பட்டையின் மேலேயே இருந்தது. அவன் அவளைப் பார்த்தான்.

அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

“சரி, கேளு” என்றாள், பட்டையைக் கழற்றாமலே. “உட்கார வச்சே அளக்கிறேன். ஆனா ரெண்டையும் எழுதுவேன். முன்னதையும், பின்னதையும்.”